என் வீட்டுக்காரர் அன்று குடிக்கவில்லை

என் வீட்டுக்காரர் குடித்திருந்தார் என்று முதலில் சொன்னது நீங்கள். அது பொய். பொய் என்று தெரிந்துதான் சொன்னீர்கள்.

உங்கள் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவீர்கள். அதற்குப் பின்னால் அலைய எனக்கு நேரம் இல்லை. நாயுடுபுரம் பக்கம் லாட்ஜ் வைத்திருப்பவர்களில் யாரைச் சொல்கிறேன் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும். அது போதும். ‘நீங்கள்’ என்று எழுதுவது மரியாதைக்காக இல்லை. வீட்டில் அப்படிப் பேசியே வளர்ந்துவிட்டேன், இனி மாற்ற முடியாது.

நான் எழுதுகிறவள் இல்லை. பள்ளிக்கூட ஹாஸ்டல் ஒன்றில் சலவை அறையில் வேலை பார்க்கிறேன். மிஷன் பள்ளியில் பன்னிரண்டாவது வரை படித்தேன். கொடைக்கானலில் துணி துவைப்பது வேலை இல்லை, காய வைப்பதுதான் வேலை. மூடுபனி இறங்கினால் கம்பளி மூன்று நாளானாலும் ஈரம் விடாது. அவர் டூரிஸ்ட் வண்டி ஓட்டினார். பஸ் ஸ்டாண்டு பக்கத்து டாக்சி ஸ்டாண்டில் வண்டி நிற்கும். குணா குகை, தூண் பாறை, பைன் காடு என்று ஒரே இடங்களைத் தினமும் புதிதாகப் பார்ப்பவர் போலக் காட்டிவிட்டு வருவார்.

அவர் குடிக்கிறவர்தான். இதை நான் மறைக்கப் போவதில்லை. மறைத்தால் மற்றதையும் நம்ப மாட்டார்கள். ஐப்பசி மழையில் சவாரி இல்லாமல் கிடக்கும் நாட்களில் சாயங்காலம் குடித்துவிட்டு வருவார். நான் கத்துவேன். அவர் சிரிப்பார். பிறகு படுத்துவிடுவார். யாரையும் அடித்தவர் இல்லை, வண்டியில் ஏறும்போது ஒரு சொட்டு தொட்டவரும் இல்லை. ஆனால் தவக்காலம் தொடங்கிவிட்டால் வேறு ஆள். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் குடி கிடையாது, கறி கிடையாது, பாதி நாள் ஒருசந்தி. ஒரு வேளைச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்வதைத்தான் நாங்கள் ஒருசந்தி என்போம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படி. ஸ்டாண்டில் எல்லாரும் கேலி செய்வார்கள். ‘இன்னும் எத்தன நாளுலே, தாடி வேற வளந்து கெடக்கு’ என்பார்கள்.

அந்த வருடம் எங்கள் கோயில் பங்குச் சாமியார் பெரிய வியாழனுக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார். பெரிய வியாழன் சாயங்காலப் பூசையில், இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, சாமியார் பன்னிரண்டு பேருடைய காலைக் கழுவுவார். பீடத்துக்கு முன்னால் வரிசையாக நாற்காலி போட்டிருப்பார்கள். ஊர் முழுக்கப் பார்க்கும். அதில் ஒருவராக உட்கார அவருக்கு முதல் தடவை அழைப்பு. மனுஷன் தலைகால் புரியாமல் திரிந்தார். அன்று காலையில் வெள்ளனே எழுந்து வாசல் கல்லில் உட்கார்ந்து குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வெடிப்பில் கிரீஸ் கறை ஏறிக் கிடந்தது.

எட்டாவது படித்துக்கொண்டிருந்த மகள் கேட்டாள், “சாமியாருதான கழுவப் போறாரு? நீ ஏம்ப்பா இப்பவே கழுவுற?”

“நான் ஒருவாட்டி கழுவலேன்னா அந்தச் சட்டில வர்ற தண்ணிய ஊரே எட்டிப் பாக்கும்டி” என்றார்.

நான் அடுப்படியில் நின்று சிரித்தேன்.

மத்தியானம் போன் செய்தார். சலவை அறையில் நான் தனியாகப் போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தேன். மதுரைக் குடும்பம் ஒன்றை உங்கள் லாட்ஜில் இறக்கிவிட்டு, உங்கள் முற்றத்தில் நின்று பேசினார். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைக்கச் சொன்னார். நாலு மணிக்கு வந்துவிடுவேன், குளிக்க வெந்நீர் வேண்டும் என்றார். அப்போது உங்கள் குரல் கேட்டது. உங்கள் குரல் எனக்குத் தெரியும். உங்கள் லாட்ஜ் தொடங்கிய காலத்தில் விரிப்புத் துவைத்துக் கொடுத்திருக்கிறேன்.

“ஏலே, பிரியாணி வந்திருக்கு. ஒரு பீரும் கெடக்கு. வா.”

“இன்னைக்கு ஒருசந்தி மொதலாளி. சாயங்காலம் கோயில்ல காலக் கழுவுறாங்க.”

“யாரு, உன் காலயா? காலக் கழுவுறதுக்கு முன்னாடி வாயக் கழுவிக்கலே.”

அவர் சிரித்தார். “வேணாம் மொதலாளி. தண்ணி மட்டும் குடுங்க, போதும்.”

இதைத்தான் நான் கேட்டேன். பிறகு ‘வெச்சுடுறேன் புள்ள’ என்றார். போன் நின்றது. அவர் குரலை நான் கடைசியாகக் கேட்டது அதுதான்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. உங்கள் லாட்ஜுக்கு ஏறும் சந்தின் முனையில் சோளம் சுட்டு விற்கிற பெண் பார்த்தாள். அவள் என்னிடம் சொன்னாள், போலீசிடமும் சொன்னாள். அவள் சொன்னபடி எழுதுகிறேன்.

மூன்று மணிக்கு மேல் அவர் மறுபடி அந்தச் சந்தில் ஏறியிருக்கிறார். மதுரைக் குடும்பத்தின் குழந்தையுடைய கம்பளிக் குல்லாய் வண்டியில் விட்டுப்போயிருந்தது, அதைக் கொடுக்க. அதே நேரம் உங்கள் லாட்ஜில் தங்கியிருந்த நாலு பேர் காரை இறக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்தச் சந்தில் ஒரு வண்டிதான் போக முடியும். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி, இறங்குகிறவன் ஒதுங்கணும். இது இங்கே பால்காரனுக்கும் தெரியும். அவர் கண்ணாடியை இறக்கி, “தம்பி, ஏத்தத்துல நிறுத்துனா வண்டி பின்னால உருளும். கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்க” என்றிருக்கிறார். “ரோடு என்ன உங்க அப்பன் வீட்டுதா?” என்று ஒருவன் இறங்கி வந்திருக்கிறான். கையில் பீர் பாட்டில். அதை அவர் தலையில் கவிழ்த்திருக்கிறான். மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். அவர் கதவைத் திறந்து இறங்கியதும் இன்னொருவன் வீல் ஸ்பேனரால் பின்மண்டையில் அடித்திருக்கிறான். அவர் போய்ச் சாக்கடைக் கல்லில் விழுந்தார்.

சோளக்காரி கத்தினாள். நீங்கள் வெளியே வந்தீர்கள். வந்து பார்த்துவிட்டு, முதலில் என்ன செய்தீர்கள்? அந்த நாலு பேரையும் உள்ளே கூட்டிப்போய் பெட்டியை எடுக்கச் சொன்னீர்கள். வத்தலக்குண்டு ரோட்டில் லீவுக் கூட்டம் ஏறி வந்துகொண்டிருந்தது, வளைவுக்கு வளைவு போலீஸ் நின்றது. அதனால் பழனி ரோட்டில் இறங்கச் சொன்னீர்கள். ஆம்புலன்சுக்கு போன் செய்தது நீங்கள் இல்லை. எதிர்க் கடைப் பையன்.

எனக்கு ஸ்டாண்டிலிருந்து தகவல் வந்தது. ஓடினேன். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இங்கே முடியாது, தேனிக்குக் கொண்டுபோங்கள் என்று ஆம்புலன்சில் ஏற்றிவிட்டார்கள். நானும் ஏறினேன். பெரிய வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு என்று நாலு நாள் லீவு. சென்னையும் பெங்களூரும் திருச்சியும் மொத்தமாக மலை ஏறி வந்துகொண்டிருந்தன. ஆம்புலன்ஸ் இறங்க வழி இல்லை. சைரன் அலறுகிறது, எதிரே காரில் இருப்பவர்கள் கண்ணாடி வழியாக எங்களை வீடியோ எடுக்கிறார்கள். ஒரு குழந்தை கை ஆட்டியது.

அவர் தலையை என் மடியில் வைத்திருந்தேன். பீர் நாறியது. அந்த நாற்றம் அவர் வாயிலிருந்து வரவில்லை. சட்டையிலிருந்தும் முடியிலிருந்தும் வந்தது. என் முகம் அவர் முகத்துக்கு மேலேயே இருந்தது. அவர் மூச்சை நான் மோந்து பார்த்தேன். எனக்குத் தெரியும். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வயிற்றின் வாடைதான் அதில் இருந்தது. மலை அடிவாரத்துக் காட்ரோடு வருவதற்கு முன்னாலேயே மூச்சு நின்றுவிட்டது.

அந்த நேரத்தில் கோயிலில் பூசை தொடங்கியிருந்தது. பன்னிரண்டு நாற்காலியில் ஒன்று காலி. ‘எங்க அந்த டிரைவரு?’ என்று கேட்டிருக்கிறார்கள். ‘போதையில சண்டை போட்டு விழுந்துட்டானாம்’ என்று பெஞ்சுக்குப் பெஞ்சு போயிருக்கிறது. என் மகள் மூன்றாவது வரிசையில், அப்பா எப்போது வருவார் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தச் செய்தி அப்படித்தான் கிடைத்தது. அவள் அப்பா செத்துப்போனார் என்பதற்கு முன்னால், குடித்திருந்தார் என்பது கிடைத்தது. அந்த நாற்காலியில் ஸ்டாண்டு ஆள் ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காலைக் கழுவினார்கள்.

மறுநாள் பெரிய வெள்ளி. தேனியில் பிணவறை வாசலில் ஒரு போலீஸ்காரர் கேட்டார், “குடிச்சிருந்தாரோ?”

“இல்ல சார்.”

“லாட்ஜ் ஓனரே சொல்றாரும்மா. மத்தியானமே நல்ல ஏத்தத்துல இருந்தாராம். அவரா வம்புக்குப் போயி, அவரா விழுந்திருக்காரு.”

“மத்தியானம் நான் போன்ல பேசுனேன் சார். அந்த ஓனரு பீரு குடுத்தாரு, இவரு வேணாம்னாரு. என் காதால கேட்டேன்.”

“போன்ல கேட்டதெல்லாம் சாட்சியாம்மா? சட்டை நாறுதே.”

நாறுகிற சட்டைக்கு இருந்த மதிப்பு என் காதுக்கு இல்லை. பேப்பரிலும் அப்படியே வந்தது. குடிபோதையில் தகராறு செய்த டிரைவர் தவறி விழுந்து சாவு. நாலு வரி. அடித்தவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இனி நான் சொல்லப்போவது எங்கள் கோயில் வழக்கம் தெரியாதவர்களுக்குப் புரியாது, அதனால் விளக்கிச் சொல்கிறேன். எங்கள் பங்கில் ஒருவர் செத்தால் துக்க மணி அடிப்பார்கள். ஒவ்வொரு அடிக்கும் இடைவெளி விட்டு, நிதானமாக. பள்ளத்துப் பூண்டுக் காட்டில் நிற்பவர்கூட மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிலுவை போடுவார். யார் என்று விசாரித்து, அடக்கத்துக்கு வந்து சேர்வார்கள். ஆனால் பெரிய வியாழன் பூசையில் மணி அடித்து நிறுத்தினால், ஈஸ்டர் இரவுப் பூசை வரைக்கும் கோயில் மணிக்கு நாக்கு கிடையாது. மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். ஆண்டவரே செத்துக் கிடக்கிறார், மணி எதற்கு என்று. அந்த நாட்களில் இறந்தவருக்குப் பூசையும் கிடையாது. செபம் சொல்லித் தீர்த்தம் தெளிக்கிற வெறும் மந்திரிப்புதான்.

கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாரிடம் போய்க் கேட்டேன்.

“மணியக் கட்டிப் போட்டாச்சும்மா. நாளைக்கு ராத்திரிதான் அவுக்கணும். சாமியாரே நெனச்சாலும் முடியாது. திங்கக்கெழம வரைக்கும் ஐஸ் பெட்டில வெச்சிருந்தா மணி அடிச்சு, பூசை வெச்சு, எல்லாம் மொறையா செய்யலாம்.”

வைத்திருக்கலாம். நான் அதைத்தான் சொன்னேன். அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். தனியாக வரவில்லை, இன்னும் மூன்று லாட்ஜ்காரர்களோடு வந்தீர்கள். மாலையோடு வந்தீர்கள். என்னிடம் பேசவில்லை, என் வீட்டுக்காரரின் அண்ணன் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப்போனீர்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

“ஊரு நெறஞ்சு கெடக்குப்பா. திங்கக்கெழம கூட்டம் எறங்கும். அதுக்குள்ள சவத்தத் தூக்கிட்டு ஏரி ரோட்டுல போக முடியுமா? டூரிஸ்ட் பாத்தா என்ன நெனப்பான்? நாளைக்கு வெள்ளனே, பின்பக்கத்து ரோடு வழியா வெரசா முடிச்சிருங்க. வேன் நான் அனுப்புறேன்.”

அண்ணன் தலையாட்டினார். அவரும் டிரைவர். லாட்ஜ்காரர்கள் கை காட்டினால்தான் சவாரி. ஸ்டாண்டு ஆட்கள், வண்டிகளை லைட் போட்டு வரிசையாக ஓட்டிக்கொண்டு பின்னால் வருகிறோம் என்று கேட்டிருந்தார்கள். ஒரு டிரைவர் செத்தால் அதுதான் அவர்கள் செய்கிற மரியாதை. அதையும் டிராஃபிக் என்று சொல்லித் தடுத்தீர்கள்.

சனிக்கிழமை பனி விலகும் முன்னே, மணி இல்லாமல், பூசை இல்லாமல், சந்து வழியாகக் கொண்டுபோய் அவரைப் புதைத்தோம். வந்தவர்கள் ஒரு வேனில் அடங்குகிற கூட்டம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைத்தான் அவருக்கு உடுத்திவிட்டிருந்தேன்.

பிறகுதான் வந்தது நான் எதிர்பார்க்காத அடி. அவருடைய அக்கா மலைக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். ரோடு அடைத்துக் கிடந்ததால் அடக்கத்துக்கு வரவில்லை. எட்டாம் நாள் வந்தார். அழுது முடித்ததும் கேட்டார்:

“ஏன்டி, மணி அடிக்கலையாமே? சாமியாரு வேணாம்னுட்டாரா?”

எனக்கு முதலில் புரியவில்லை. அந்தக் காலத்தில் தூக்குப் போட்டுச் செத்தவர்களுக்கும், குடித்துவிட்டு வெட்டுக்குத்தில் செத்தவர்களுக்கும் மணி அடிக்க மாட்டார்களாம். ஓரத்தில் புதைப்பார்களாம். இப்போது அப்படி எதுவும் கிடையாது. ஆனால் பெரியவர்கள் மனதில் அது கிடக்கிறது.

“அக்கா, அது பெரிய வெள்ளி, பெரிய சனி. யாருக்கும் மணி கிடையாது” என்றேன்.

“அது எனக்குத் தெரியாதா?” என்றார். ஆனால் முகம் நம்பவில்லை. நான் பொய் சொல்லி அவர் தம்பியைக் காப்பாற்றுகிறேன் என்று அந்த முகம் சொன்னது.

அந்த மூன்று நாளில் மணி கிடையாது என்பது எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். குழந்தைக்குத் தெரியும். ஆனால் மாதம் போகப் போக அவர் செத்தது எந்த நாள் என்பது மறந்துபோனது. மணி அடிக்கவில்லை என்பது மட்டும் நின்றது. ‘மணிகூட அடிக்கலையாம்’ என்று யாராவது தொடங்கினால், ‘அப்பக் குடிச்சிருந்தது நெசந்தான்’ என்று அடுத்தவர் முடித்தார். நீங்கள் ஒரு பொய்யை விதைத்தீர்கள். அதற்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தது எங்கள் ஆட்கள். திங்கட்கிழமை வரை வைத்திருந்தால் மணி அடித்திருக்கும், அந்தப் பொய் அங்கேயே நின்றிருக்கும். வேன் அனுப்பியது நீங்கள்தான்.

பள்ளியில் ஒரு பெண் என் மகளிடம் சொன்னாளாம், “உங்கப்பா காலக் கழுவுறதுக்கு முன்னாடி வாயக் கழுவிட்டாராமே.” மகள் வந்து என்னிடம் அப்படியே சொன்னாள். அந்த வார்த்தையை நான் கேட்டிருக்கிறேன். உங்கள் முற்றத்தில் அதைக் கேட்டவர்கள் என் வீட்டுக்காரரும் போனில் நானும்தான், சொன்னவர் நீங்கள். அவர் மண்ணுக்குள் இருக்கிறார். நான் சொல்லவில்லை. அப்படியென்றால் எட்டாவது படிக்கிற குழந்தை வாய்க்கு அதை யார் கொண்டுபோனது? நீங்கள் அதைக் கதையாகச் சொல்லித் திரிந்திருக்கிறீர்கள். அவர் வேண்டாம் என்று சொன்ன பாதியை மட்டும் வெட்டிவிட்டு.

மகள் அந்த வருடம் கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். அப்பா போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றிப் பீரோவுக்குள் வைத்தாள். “பொய் சொல்லாதம்மா, அப்பா குடிப்பாருதான?” என்று ஒருநாள் கேட்டாள். குடிப்பார்தான். அன்று குடிக்கவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லி ஒரு பிள்ளையை நம்ப வைக்க எனக்குத் தெரியவில்லை. இன்று அவள் திண்டுக்கல்லில் கல்லூரியில் படிக்கிறாள். போட்டோ இன்னும் பீரோவுக்குள்தான் இருக்கிறது. எனக்கு வேண்டியது அது சுவருக்கு வருவதுதான். வேறு எதுவும் இல்லை.

நாலு பேரையும் பிறகு பிடித்தார்கள். ஜாமீனில் வெளியே வந்தார்கள். கேஸ் நடக்கிறது, அதாவது வாய்தா நடக்கிறது. அவர் ரத்தத்தில் மது இல்லை என்று பரிசோதனை முடிவும் வந்தது. வருவதற்குள் ஒரு மழைக்காலம் போய் அடுத்ததும் வந்துவிட்டது. அதை எந்தப் பேப்பரும் போடவில்லை. நாலு வரிகூட இல்லை. சோளக்காரி இப்போது என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறாள். அவள் வண்டி நிற்பது உங்கள் சுவரோரம். அவளை நான் திட்ட மாட்டேன்.

போன வருடம் ஒரு கன்னியாஸ்திரி போன் செய்தார். கொலையிலும் மற்றக் கொடுமைகளிலும் ஆளை இழந்தவர்கள் வத்தலக்குண்டில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடுகிறார்கள், வந்து பேசுங்கள் என்றார்.

“பேசி என்ன ஆகப்போகுது சிஸ்டர்? எனக்கு இங்க சோலி கெடக்கு.”

“ஒண்ணும் ஆகாதும்மா. ஆனா யாரும் குறுக்க பேச மாட்டாங்க.”

அதற்காகத்தான் போனேன்.

வெளியே பஸ் ஹாரன், உள்ளே பிளாஸ்டிக் நாற்காலி. கேமரா வைத்திருந்த ஒரு பெண், நான் பேசத் தொடங்கியதும், “அக்கா, அந்தச் சட்டை விஷயத்த மறுபடி கொஞ்சம் ஃபீலா சொல்லுங்க” என்றாள். “நான் நடிக்க வரலம்மா, அத மூடு” என்றேன். மூடினாள். பிறகு பேச முடிந்தது. போன் வந்ததிலிருந்து மணி அடிக்காதது வரைக்கும் ஒரே மூச்சில் சொன்னேன். யாரும் ‘விதி’ என்று சொல்லவில்லை. யாரும் ‘குடிச்சிருந்தாரா’ என்று கேட்கவில்லை. இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை.

எனக்குப் பக்கத்தில் பழனி கடைவீதியில் வளையல் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் எரித்துவிட்டார்கள். அவர் அழவில்லை.

“மண்ணெண்ண ஸ்டவ் வெடிச்சிருச்சுன்னாங்க. அந்த வீட்டுக்கு கேஸ் அடுப்பு வாங்கிக் குடுத்ததே நான்தான். ஸ்டவ் எங்கருந்துடா வந்துச்சுன்னேன். யாருக்கும் கேக்கல. என் மக எப்படிச் செத்தான்னு ஊரே எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு. என்னைத்தான் யாரும் சொல்ல விடல.”

டீ குடிக்கும்போது அவர் என்னிடம் கேட்டார், “மொதல்ல சொன்னவன் யாருன்னு தெரியும்ல உங்களுக்கு?”

“தெரியும் பாய்.”

“கேட்டீங்களா?”

“வக்கீல் கோர்ட்டுல கேப்பாரு.”

“கோர்ட்டு கேக்குறது வேற தங்கச்சி. கோர்ட்டுக்கு அவன் பதில் சொன்னா அது கேஸ் கட்டுக்குள்ள போயிரும். ஊரு அந்தப் பொய்யக் கேட்டுச்சு பாருங்க, அந்தக் காதுக்குப் பதில் வேணும். நான் எங்க சம்பந்தி வீட்டு வாசல்ல போயி, தொழுகை முடிஞ்சு ஜனம் வர்ற நேரமாப் பாத்துக் கேட்டேன். பதில் வரல. ஆனா அன்னிலேருந்து அந்தத் தெருவுல யாரும் ஸ்டவ்வுன்னு சொல்றதில்ல.” பிறகு கோப்பையைப் பார்த்து, “இந்த டீயப் போட்டவனயும் கேக்கணும்” என்றார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

மலை ஏறுகிற பஸ்ஸில் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

இந்த வருடம் சீசனுக்கு முன்னால் ஒரு ஹோட்டல் ஹாலில் கூட்டம் போட்டீர்கள். லாட்ஜ்காரர்கள், கடைக்காரர்கள், டிரைவர்கள், அதிகாரிகள். ஒருவழிப் பாதை, பார்க்கிங், குப்பை என்று பேச்சு. மேடையில் நடு நாற்காலியில் நீங்கள். வந்தவர்களைத் தெய்வமாக நடத்த வேண்டும் என்று பேசினீர்கள். முடிவில், குறை இருந்தால் சொல்லலாம் என்றார்கள். நான் எழுந்தேன். ஸ்டாண்டில் அவரோடு வண்டி ஓட்டிய ஒருவர் மைக்கை வாங்கி என்னிடம் கொடுத்தார்.

“என் வீட்டுக்காரரு செத்த அன்னைக்கு மத்தியானம் உங்க லாட்ஜுல நீங்க பீரு குடுத்தீங்க. அவரு வேணாம்னாரா, குடிச்சாரா? அத மட்டும் சொல்லுங்க” என்றேன்.

குரல் நடுங்கவில்லை.

உங்கள் பக்கத்தில் இருந்தவர் சொன்னார், “டூரிஸ்ட் விஷயம் பேசுற எடத்துல சாவப் பத்தி ஏம்மா?”

“அவரு செத்ததும் டூரிஸ்ட் விஷயத்துலதான சார்.”

பின்வரிசையில் டிரைவர்கள் ‘சரிதானப்பா’ என்றார்கள். மைக் நின்றுவிட்டது. நீங்கள் எழுந்து கை கூப்பி, “அம்மா, இது அதுக்கான எடம் இல்ல. வெளிய வாங்க, பேசுவோம்” என்றீர்கள்.

வந்தேன். கூட்டம் முடிந்து ஒவ்வொரு வண்டியாகப் போனது. சாரல் விழுந்தது. நான் வாசலிலேயே நின்றேன். நீங்கள் சமையல்கட்டு வழியாகப் போய்விட்டீர்கள் என்று வாட்ச்மேன் வந்து சொன்னார்.

மைக் கொடுத்த டிரைவர் என்னோடு நின்றார். “அன்னைக்கு அவன் ஒருசந்தின்னு ஸ்டாண்டுல அத்தன பேருக்கும் தெரியுங்க்கா” என்றார்.

“தெரிஞ்சவன் ஏன் ஒருத்தனும் வாயத் தெறக்கல?”

“சீசனு அக்கா” என்றார்.

ஒரு வார்த்தை. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு என் மகள் அப்பாவைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறாள்.

அதனால் இப்போது எழுத்தில் கேட்கிறேன். எழுத்துக்கு மைக் வேண்டியதில்லை.

அடித்தவர்களைப் பற்றி உங்களிடம் கேட்கவில்லை. அதைக் கோர்ட்டு பார்த்துக்கொள்ளும். பழனி ரோட்டில் இறங்கச் சொன்னதையும் கோர்ட்டு கேட்கும். மன்னிப்பும் கேட்க வேண்டாம், அது எனக்கு எதற்கும் உதவாது. மாலையோடு வீட்டுக்கு வர வேண்டாம். அண்ணன் தோளில் கைபோட வேண்டாம். ஆள் அனுப்ப வேண்டாம்.

வெளியே பேசுவோம் என்றீர்கள். சரி, வெளியே என்றால் எங்கே? பஸ் ஸ்டாண்டா, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையா, பூசை முடிந்து ஜனம் இறங்குகிற கோயில் படியா? இடத்தை நீங்களே சொல்லுங்கள். சீசன் கெட்டுப்போகும் என்று பயமிருந்தால் சீசன் முடிந்த பிறகு சொல்லுங்கள், நான் காத்திருக்கிறேன். என் மகளையும் திண்டுக்கல்லிலிருந்து கூட்டி வருகிறேன். அவள் கேட்க வேண்டும், ஊர் கேட்க வேண்டும்.

நீங்கள் நீட்டியதை என் வீட்டுக்காரர் வாங்கினாரா, வேண்டாம் என்றாரா? ஊர் முன்னால் நின்று பதில் சொல்லுங்கள்.